நடிகராக இருந்து எழுத்தாளரானவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் முறை

மேடையில் தொடங்கி, திரைப்படங்களில் நடித்து, பின்னர் எழுத்தாளராகவும் பெயர் பெற்ற ஒருவரின் வாழ்க்கையை எழுத முற்படுபவருக்கு முதலில் எதிர்ப்படும் சிக்கல், அந்த மூன்று தொழில்களும் விட்டுச்செல்லும் தடயங்கள் ஒரே அளவில் இல்லை என்பதுதான். எழுதியவை அச்சில் இருக்கின்றன. நூலகங்களில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். நடித்த படங்களில் சில கிடைக்கும், சில கிடைக்கா. மேடை நடிப்போ அன்றிரவு திரை விழுந்ததோடு முடிந்துபோனது. கைக்கு எளிதில் வருவதை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால், இருபது ஆண்டுகள் மேடையில் நின்ற ஒருவரின் வரலாற்றில் அந்த இருபது ஆண்டுகளுக்கு ஓர் இயலும், அவர் எழுதிய நூல்களின் கதைச் சுருக்கத்திற்குப் பாதிப் புத்தகமும் போய்விடும். அப்படி ஆகாமல் எழுதுவதற்கான வழிமுறைகளைத் தமிழ் நாடக, திரைப்பட உலகை மனத்தில் கொண்டு இங்கே தருகிறேன்.

இத்தகைய வாழ்க்கைக்கு ஒரே வார்ப்பு கிடையாது என்பதை முதலிலேயே உணர்ந்துகொள்வது நல்லது. பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் பணியாற்றியபடியே, 1891இல் தொடங்கப்பட்ட சுகுண விலாச சபையில் நாடகம் எழுதி, அதில் தாமே நடித்தவர். தம் மேடை நினைவுகளைப் பல பாகங்களாக எழுதியது பின்னாளில்தான். தி.க. சண்முகம் 1912இல் பிறந்து, ஆறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். ஔவையார் வேடத்தின் சிறப்பால் ‘அவ்வை’ என்னும் அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவரும் தம் நாடக வாழ்க்கையைத் தாமே எழுதினார். சோ ராமசாமி நாடகமும் திரைப்படமுமாக இயங்கிக்கொண்டிருந்தபோதே 1970இல் ‘துக்ளக்’ இதழைத் தொடங்கினார். இம்மூவரில் எவரும் ஒரு நாள் நடிப்பைக் கைவிட்டு மறுநாள் பேனாவை எடுத்தவர் அல்லர். ஆகவே ‘நடிகர் எழுத்தாளரானார்’ என்ற ஒற்றை வாக்கியத்தை நம்பி நூலின் அமைப்பை முடிவு செய்துவிடக் கூடாது. நடித்த ஆண்டுகள் அவருடைய எழுத்துக்குள் எப்படிப் புகுந்தன என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஆவணம் தேடுவது, ஆட்களைச் சந்திப்பது, இயல்களைப் பிரிப்பது என எல்லா வேலையையும் இந்தக் கேள்வியே வழிநடத்த வேண்டும்.

காலவரிசையை முதலில் முடியுங்கள்

எழுதத் தொடங்குவதற்கு முன்பு ஒரு தடித்த குறிப்பேட்டிலோ கணினியிலோ காலவரிசை ஒன்றைத் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நான்கு செய்திகள் அதில் இடம்பெற வேண்டும்: நிகழ்ச்சி என்ன, அது எப்போது நடந்தது, அதைச் சொல்பவர் யார், அவர் அதைச் சொன்னது எந்த ஆண்டில். நான்காவது செய்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் மிகவும் பயன்படுவது அதுதான். 1935இல் நடந்ததை 1936இல் எழுதிய இதழ்க் குறிப்புக்கும், அதையே 1970இல் நினைவுகூர்ந்த கட்டுரைக்கும் ஒரே மதிப்பைக் கொடுக்க முடியாது.

பழைய நாடக உலகில் தேதிகளைத் தேடும்போது சில இடர்ப்பாடுகள் வரும். முதியவர்கள் ஆண்டைத் தமிழ்ப் பெயரால் சொல்வார்கள். அப்பெயர் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், சொல்பவரின் வயதோடு ஒப்பிட்டுப் பார்த்தே எந்தச் சுற்று என்று முடிவு செய்ய வேண்டும். தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால், தை, மாசி மாதங்களில் நடந்ததற்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும். எடுத்துக்காட்டாக, சர்வஜித்து ஆண்டு ஆவணி என்றால் அது 1947. அதே சர்வஜித்து ஆண்டு மாசி என்றால் 1948. இதைக் கவனியாமல் போடப்பட்ட தேதிகள் ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்கு அப்படியே ஏறிவிடுகின்றன.

நாடக நோட்டீஸ்களில் பல சமயம் ஆண்டே இருக்காது. நாளும் கிழமையும் மட்டும் இருக்கும், ஏனெனில் அடுத்த வாரம் நடக்கப்போகும் நாடகத்திற்கு ஆண்டைக் குறிப்பிட எவருக்கும் தேவை இருக்கவில்லை. அத்தகைய நோட்டீஸ் ஒன்றை எப்படிக் காலம் கணிப்பது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ‘ஆகஸ்டு 15ந் தேதி சனிக்கிழமை இரவு’ என்று மட்டும் அச்சிட்ட ஒரு தாள் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1930க்கும் 1955க்கும் இடையில் ஆகஸ்டு 15 சனிக்கிழமையாக வந்த ஆண்டுகள் நான்கே: 1931, 1936, 1942, 1953. நடிகரின் பெயருக்கு முன் ‘பேசும் படப் புகழ்’ என்று இருக்குமானால் 1931 விலகிவிடும், ஏனெனில் தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் வெளிவந்ததே அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள்தான். கட்டண வரிசையின் கீழே கேளிக்கை வரி தனி என்று இருந்தால் 1936ம் பெரும்பாலும் விலகும். சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரிச் சட்டம் வந்தது 1939இல். எஞ்சிய இரண்டில் எது என்பதை, தாளின் மூலையில் தமிழ் ஆண்டு இருந்தால் ஒரே பார்வையில் சொல்லிவிடலாம்: 1942 என்றால் சித்திரபானு, 1953 என்றால் விஜய. அதுவும் இல்லையென்றால் உடன் நடித்தவர்களின் பெயர்களைப் பார்க்க வேண்டும். அவர்களுள் ஒருவர் இடையில் கம்பெனியை விட்டுப் போயிருப்பார், அல்லது மறைந்திருப்பார். கட்டணம் அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது, நயா பைசாவில் இருந்தால் பிந்தையது என்பதும் பல நோட்டீஸ்களுக்கு உதவும். ஒரு தாளுக்கு ஒரு மாலைப் பொழுது செலவானாலும் அது வீணல்ல. இப்படிக் கணித்த பத்துத் தாள்கள் கையில் இருந்தால், தன்வரலாற்றில் உள்ள தேதிகளைச் சரிபார்க்க உறுதியான அடித்தளம் கிடைத்துவிடும்.

மேடைக் காலத்தைத் தேடுதல்

உங்கள் கதைத்தலைவர் தொழில்முறைக் கம்பெனியில் வளர்ந்தவரா, வேறு வேலை பார்த்துக்கொண்டு விருப்பத்துக்காக நடிப்போரின் அமெச்சூர் சபாவில் நடித்தவரா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இவை இரு வேறு உலகங்கள். பயிற்சி வேறு, வருமானம் வேறு, ஆவணங்களும் வேறு.

சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்ட பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவருக்கு அதுவே வீடு, அதுவே பள்ளிக்கூடம். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக இருந்து நடத்திய மதுரை தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைப் போன்ற குழுக்களில் சிறுவர்கள் வாத்தியாரிடம் பாடம் கேட்டு, நூற்றுக்கணக்கான பாடல்களையும் வசனங்களையும் நெட்டுருப் போட்டார்கள். எழுத்தாளராகப் போகிற ஒருவரின் கல்வி இதுதான் என்பதால், அவர் எந்தெந்த நாடகங்களில் எந்தெந்தப் பாடத்தை மனப்பாடம் செய்தார் என்ற பட்டியலைத் தேடித் தொகுக்க வேண்டும். பிற எழுத்தாளர்களின் வரலாற்றில் ‘இளமையில் படித்த நூல்கள்’ என்று வருமே, அந்த இடத்தை இவருக்கு இந்தப் பாடங்களே நிரப்புகின்றன. ராஜபார்ட் (கதாநாயக வேடம்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), பபூன் (நகைச்சுவை வேடம்) ஆகியவற்றில் எதை அவர் ஏற்றார், எத்தனை வயது வரை ஏற்றார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மகரக்கட்டு என்னும் கட்டத்தைத் தனியே விசாரிக்க வேண்டும். பதின்ம வயதில் குரல் உடையும்போது, பாடிப் புகழ்பெற்ற சிறுவனின் மதிப்பு ஒரே பருவத்தில் சரிந்துவிடும். சிலர் சிறு வேடங்களுக்குத் தள்ளப்பட்டார்கள், சிலர் கம்பெனியை விட்டே போனார்கள், இன்னும் சிலர் மேடைக்குப் பின்னால் பிரதி எடுத்து எழுதும் வேலைக்கு மாறினார்கள். எழுத்தின் பக்கம் ஒருவர் திரும்பியதற்கான முதல் காரணம் இங்கே கிடைப்பதற்கு வாய்ப்பு உண்டு. வரலாற்றை எழுதுபவர்கள் நடுவயதில் தேடும் திருப்பம், பதினான்கு வயதிலேயே நடந்திருக்கக்கூடும்.

சபா நாடகக்காரரின் நிலை வேறு. பகலில் அலுவலகமும் மாலையில் ஒத்திகையுமாக இருந்தவரின் பணிப் பதிவேடு, விடுப்பு விண்ணப்பம், சபாவின் ஆண்டறிக்கை, பத்திரிகை விமரிசனம் ஆகியவை கிடைக்கும். நாடகக் குழு யாருடைய எழுத்தை மேடையேற்றியது என்பதையும் பாருங்கள். எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ், பி.எஸ். ராமையா, தி. ஜானகிராமன் போன்ற சிறுகதை, நாவல் எழுத்தாளர்களிடமிருந்து நாடகங்களைப் பெற்று மேடையேற்றியது. அத்தகைய குழுவில் நடித்தவருக்கு, தேர்ந்த எழுத்தாளரின் வசனத்தை வாயால் சொல்லிப் பழகும் வாய்ப்பு இரவுதோறும் கிடைத்திருக்கும்.

பிரதிகளைத் தேடும்போது காவல்துறையை மறந்துவிட வேண்டாம். 1876ஆம் ஆண்டின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆங்கில அரசு கொண்டுவந்தது; விடுதலைக்குப் பின் 1954இல் சென்னை மாநிலம் தனக்கென ஒரு சட்டத்தை இயற்றியது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை ஒட்டி எழுந்த சர்ச்சைகளோடு சேர்த்தே அச்சட்டம் பேசப்படுகிறது. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி பெறும் வழக்கம் பல ஆண்டுகள் நீடித்தது. எழுத்தாளரும் பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்தியவருமான ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. கலைஞர்களை வாட்டிய இந்த நடைமுறை வரலாற்று ஆசிரியருக்கு ஒரு வகையில் உதவியும் இருக்கிறது: குழுவினர் தொலைத்துவிட்ட பிரதியின் படி அரசுக் கோப்பில் தங்கியிருக்கலாம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடிப் பார்ப்பது பயனளிக்கும். நோட்டீஸ், நாடகப் பாட்டுப் புத்தகம், பழைய இதழ்கள் ஆகியவற்றுக்குச் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதலில் செல்ல வேண்டிய இடம். கோட்டையூரில் தனி ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பிலிருந்து வளர்ந்த நூலகம் அது.

ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கையில் கிடைக்கும் பிரதி, மேடையில் பேசப்பட்டதற்கு ஒரு முன்வரைவு மட்டுமே. நடிகர் அன்றன்று சேர்த்ததும் விட்டதும் அதில் இருக்காது. காவல்துறைக்குக் கொடுத்த படியில் இல்லாத வசனம் மேடையில் பேசப்பட்டதாகப் பார்த்தவர்கள் சொன்னால், அந்த வேறுபாட்டையே ஒரு செய்தியாக எழுதுங்கள்; வசனத்தை உடனுக்குடன் கட்டும் திறன் இவருக்கு எழுதத் தொடங்குவதற்கு முன்பே இருந்தது என்பதற்கு அது சான்று.

திரைப்படங்கள்

இப்பகுதிக்கு ஓரளவு வழி வகுக்கப்பட்டிருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். தொடக்ககாலப் படங்கள் பலவற்றின் படச்சுருள் இன்று இல்லை; காளிதாஸ் படமே கிடைக்கவில்லை. இல்லாத படத்திற்குப் பாட்டுப் புத்தகமே முதன்மைச் சான்று: நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாடல்கள் மூன்றும் அதில் இருக்கும். 1964இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் படங்களையும் விளம்பரப் பொருள்களையும் தேடலாம். தமிழ்ப் படங்களின் விவரங்களுக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் பல பத்தாண்டுகள் உழைத்துத் திரட்டிய பட்டியல் பேருதவியாக இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். படம் வெளியான ஆண்டை நடித்த ஆண்டாகக் கொள்ளாதீர்கள். இடையில் ஓராண்டோ அதற்கு மேலோ கடந்திருக்கலாம், அதற்குள் அவர் மேடைக்குத் திரும்பியிருக்கலாம். அடுத்ததாக, அவர் தனியாக ஒப்பந்தமானாரா, குழுவோடு சேர்ந்து போனாரா என்று பாருங்கள். டி.கே.எஸ். சகோதரர்களின் (தி.க. சண்முகமும் அவருடைய உடன்பிறந்தாரும்) குழு 1935இல் மேனகா படத்தில் நடித்தபோது, மேடையில் பழகிய கூட்டணியே திரைக்கு இடம்பெயர்ந்தது. அப்படிப் போனவருக்குத் திரைப்படம் புதிய தொழிலாகத் தோன்றியிருக்காது. தனியாகப் போனவருக்கோ, பார்வையாளர் இல்லாத இடத்தில் துண்டு துண்டாக நடிப்பது பெரிய மாற்றம். காட்சியைச் சிறு அலகுகளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் பின்னாளில் அவருடைய உரைநடையில் தென்படுகிறதா என்று தேட இது ஒரு காரணமாகும்.

வானொலியையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16இல் தொடங்கியது முதல், மேடை நடிகர்கள் பலர் அங்கே குரல் கொடுத்தார்கள், உரைச்சித்திரம் எழுதினார்கள். முகமும் உடையும் உதவாத இடத்தில் சொல் ஒன்றையே நம்பி நிற்க வேண்டியிருந்ததால், நடிப்பிலிருந்து எழுத்துக்குப் போகும் வழியில் வானொலி பலருக்கு நடுக்கட்டமாக அமைந்தது என்பது என் கருத்து. வானொலி ஒப்பந்தக் கடிதங்களில் தேதி, நேரம், ஊதியம் மூன்றும் தெளிவாக இருக்கும். குடும்பத்தார் பழைய பெட்டிகளில் வைத்திருந்தால் கேட்டுப் பாருங்கள்.

எழுத்துக்குத் திரும்பிய இடம்

நூலின் உயிர்நாடி இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே அவசரப்படாமல் எழுத வேண்டும். ‘வாய்ப்புகள் குறைந்தன, எழுதத் தொடங்கினார்’ என்பது போன்ற ஒரு வரி விளக்கம் பெரும்பாலும் போதாது. உடல்நலம், குரல், வயது, குழு கலைந்தது, அரசியல் ஈடுபாடு, ஒரு பத்திரிகை ஆசிரியரின் வற்புறுத்தல், வீட்டுச் செலவு என்று காரணங்கள் பலவாக இருக்கும். முதலில் அச்சான படைப்புக்கும் கடைசியாக ஏற்ற வேடத்துக்கும் உரிய ஆண்டுகளைக் காலவரிசையில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பல வாழ்க்கைகளில் இவை ஒன்றன்மேல் ஒன்று பல ஆண்டுகள் படிந்திருக்கும். அந்த ஆண்டுகளில் அவர் ஒரு நாளை எப்படிக் கழித்தார், எந்த நேரத்தில் எழுதினார், பயணத்திலா வீட்டிலா என்பதைக் கண்டறிந்து எழுதினால் வாசகருக்குத் திருப்பம் தானாகவே புலப்படும்.

நடிகர்களின் தொடர் கட்டுரைகள் வார இதழ்களில் வரும்போது, அவர் சொல்ல, உதவி ஆசிரியர் ஒருவர் எழுதியதாகவும் இருக்கக்கூடும். இதில் குறை ஏதும் இல்லை. ஆனால் உண்மை எது என்று தெரிந்தாக வேண்டும். அவர் தம் கையால் எழுதிய கடிதங்களைச் சேகரித்து, அவற்றின் வாக்கிய அமைப்பைத் தொடர் கட்டுரையின் வாக்கிய அமைப்போடு ஒப்பிடுங்கள். கடிதத்தில் நீண்ட வாக்கியங்களாக எழுதும் ஒருவர் தொடரில் மட்டும் மூன்று சொல் வாக்கியங்களாக எழுதியிருந்தால் விசாரிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. இதழில் வந்ததையும் நூலில் வந்ததையும் ஒப்பிடுவதும் கட்டாயம். வாரந்தோறும் வாசகரை இழுத்து நிறுத்த எழுதிய இறுதி வரிகள் நூலில் நீக்கப்பட்டிருக்கும், சில பெயர்களும் மறைந்திருக்கும்.

இனி, நடிப்பு எழுத்துக்குள் எப்படி இறங்கியது என்பதைக் காட்டும் முறை. அவருடைய புனைகதையிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, பென்சிலால் குறியிட்டபடி படியுங்கள். பாத்திரம் எந்த வாசல் வழியாக வருகிறது, எங்கே நிற்கிறது, கையில் என்ன வைத்திருக்கிறது என்று அவர் சொல்கிறாரா? பேசுபவரின் பெயரைக் குறிப்பிடாமலே பேச்சைக் கொண்டு ஆளை அடையாளம் காண முடிகிறதா? மனிதர்களை முகத்தால் வருணிக்கிறாரா, நடையாலும் குரலாலும் வருணிக்கிறாரா? இயற்கை வருணனை குறைந்தும், அறைக்குள் நடப்பவை கூடியும் இருக்கின்றனவா? இயலின் கடைசி வரி, திரை விழுவதற்கு முன் சொல்லப்படும் வசனம் போல ஒலிக்கிறதா? பிறகு அதே பக்கத்தை உரக்கப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடமும் நிறுத்தக்குறியும் ஒன்றாக வருமானால், அது வாயால் சொல்லிப் பார்த்து எழுதிய உரைநடை.

கண்டதை நூலில் காட்டும்போது, அவர் பேசி நடித்த நாடகப் பிரதியின் ஒரு பகுதியையும் அவர் எழுதிய கதையின் ஒரு பகுதியையும் அடுத்தடுத்து வைத்து விளக்குங்கள். ‘மேடை அனுபவம் அவருடைய எழுத்துக்கு உரமாயிற்று’ என்று பொதுப்படச் சொல்வதைவிட, மேடையில் அவர் ஏற்ற ஒரு கணக்குப்பிள்ளை வேடத்தின் பேச்சுப் பழக்கம் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய நாவலில் ஒரு வட்டிக்கடைக்காரரின் வாயில் வருவதை எடுத்துக்காட்டுவது எத்தனையோ மடங்கு மேல். எதிர்ச் சான்றையும் மறைக்காதீர்கள். சில நடிகர்கள் எழுத வந்தபோது உரையாடலை வேண்டுமென்றே தவிர்த்து, மேடையில் செய்ய முடியாததைச் செய்வதற்காகவே உரைநடையைத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடும். அப்படியானால் அதுவும் மேடையிலிருந்து பிறந்த முடிவே.

தன்வரலாற்றை எப்படிப் பயன்படுத்துவது

இத்தகையோர் பெரும்பாலும் தம் வாழ்க்கையைத் தாமே எழுதியிருப்பார்கள். அந்த நூல் உங்களுக்குப் பெரிய செல்வம். அதே சமயம் பெரிய தடையும்கூட. நடிகர் ஒரு நிகழ்ச்சியை விழா மேடைகளிலும் நண்பர் கூட்டத்திலும் பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேற்றியிருப்பார். கைத்தட்டல் கிடைத்த இடம் நீண்டிருக்கும், கிடைக்காத இடம் உதிர்ந்திருக்கும். இதைப் பொய் என்று சொல்வது நியாயமன்று. ஒரே நிகழ்ச்சியின் எல்லா வடிவங்களையும் கால வரிசைப்படி அடுக்கி, மிகப் பழைய வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, பிற்காலத்தில் என்ன சேர்ந்தது என்பதைக் குறிப்பிடுங்கள். சேர்ந்த பகுதி அவர் தம்மை எப்படிக் காண விரும்பினார் என்பதைச் சொல்லும்.

சொல்லாமல் விட்டவற்றுக்கும் ஒரு பட்டியல் வேண்டும். கம்பெனியில் சிறுவர்கள் வாங்கிய அடி, கொடுக்கப்படாத சம்பளம், சாதி காரணமாகத் தனியே இலையிடப்பட்டவர்கள், மனைவியின் நகையை அடகு வைத்து நடந்த நாடகங்கள், உடன் நடித்த பெண்கள் ஆகியவை ஆண் நடிகர்களின் நினைவுகளில் ஓரிரு வரிகளில் கடந்துவிடுவதைக் காணலாம். பெண்களே நடத்திய நாடகக் குழுக்கள் இருந்தன. கும்பகோணம் பாலாமணி அம்மாள் முழுவதும் பெண்களைக் கொண்ட கம்பெனியை நடத்தியவர். உங்கள் கதைத்தலைவரின் நூலில் பெயர் இல்லாமல் ‘ஒரு நடிகை’ என்று வருபவர் யார் என்று கண்டுபிடிக்க முயலுங்கள். அந்த உழைப்பு உங்கள் நூலுக்கு நேர்மையைத் தரும், மறக்கப்பட்ட ஒருவருக்கு அவருடைய பெயரையும் மீட்டுத் தரும்.

நேர்காணல்

உடன் நடித்தவர்களும் குடும்பத்தாரும் வயதில் மூத்தவர்களாக இருப்பார்கள் என்பதால், நூலகத்தைத் தள்ளிப்போட்டாலும் நேர்காணலைத் தள்ளிப்போடக் கூடாது. வெறுங்கையோடு போகாமல் நோட்டீஸ், புகைப்படம், பாட்டுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் செல்லுங்கள். ‘ஐயாவோடு நடித்த அனுபவம் எப்படி இருந்தது?’ என்று கேட்டால், பாராட்டுக் கூட்டத்தில் சொல்லும் விடைதான் வரும். ‘இந்தப் படத்தில் ஐயாவுக்கு வலப்பக்கம் நிற்பவர் யார்?’, ‘அரிதாரத்தை யார் போட்டுவிடுவார்?’, ‘நாடகம் முடிந்து ஊருக்கு எப்படித் திரும்புவீர்கள்?’, ‘வசனத்தை மறந்தால் பக்கத்திலிருந்து யார் எடுத்துக்கொடுப்பார்?’ என்று கேட்டால், ஒரு பதில் அடுத்த நினைவைத் தானே இழுத்துக்கொண்டு வரும். பாடல் ஒன்றின் முதலடியைச் சொல்லித் தொடங்கிவைத்தால், தேதிகளை மறந்துவிட்ட முதியவரும் முழுப் பாடலையும் பாடி, அது எந்தக் காட்சியில் வந்தது, யார் எதிரே நின்றார் என்பதுவரை சொல்வது உண்டு. சிறு வயதில் நெட்டுருப் போட்டது கடைசிவரை நிற்கிறது. ஒலிப்பதிவுக்கும், சொன்னதை அச்சிடுவதற்கும் தனித்தனியே சம்மதம் கேளுங்கள். முதல் சந்திப்பில் சொல்லாததை இரண்டாம் சந்திப்பில் சொல்வார்கள். ஆகவே ஒரே நாளில் முடித்துவிடத் திட்டமிட வேண்டாம்.

அனுமதிகள்

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள் அவருடைய எழுத்துக்கு உரிமை உண்டு. 1964இல் மறைந்தவரின் எழுத்துக்கு 2024 டிசம்பர் இறுதிவரை உரிமை இருந்தது என்று கணக்கிடலாம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களை அனுமதியின்றியே பயன்படுத்தலாம் என்பது நமக்குள்ள தனி வசதி. உங்கள் எழுத்தாளர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். கடிதத்தைப் பொறுத்தவரை, தாள் பெற்றவருடையது, அதில் உள்ள சொற்கள் எழுதியவருடையவை. எனவே கடிதத்தைக் கொடுத்தவரின் இசைவோடு நில்லாமல், எழுதியவரின் வாரிசுகளிடமும் கேட்டாக வேண்டும்.

எழுதும்போது

பிறப்பில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நடிப்பும் எழுத்தும் ஒன்றாக நடந்த ஓர் ஆண்டைத் தேர்ந்து, அந்த ஆண்டை முழுமையாக எழுதி, அங்கிருந்து பின்னோக்கிச் செல்வது இவ்வகை வாழ்க்கைக்கு நன்றாகப் பொருந்துகிறது. மேடைக் காலத்துக்கு எத்தனை பக்கங்கள் என்பதை முன்னதாகவே முடிவு செய்து, சான்று போதவில்லை என்று தோன்றினால் பக்கத்தைக் குறைக்காமல் தேடலைக் கூட்டுங்கள்.

மறைந்துபோன ஒரு நடிப்பை எழுதும்போது ‘உணர்ச்சிப் பிழம்பாக நடித்தார்’, ‘பாத்திரமாகவே வாழ்ந்தார்’ போன்ற தொடர்களை அறவே விலக்குங்கள். எந்த நடிகருக்கும் பொருந்துபவை எவரையும் காட்டுவதில்லை. மாறாக, சான்றுகளைச் சேர்த்துக் காட்சியை எழுப்புங்கள். மேடையின் அகலம், விளக்கு எண்ணெயா மின்சாரமா, ஒலிபெருக்கி இருந்ததா, பார்வையாளர் தரையில் அமர்ந்தார்களா நாற்காலியிலா, வேடத்துக்கு எவ்வளவு நேரம் ஒப்பனை செய்தார்கள் என்பவற்றைத் தெரிந்துகொண்டால், ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்டும்படி ஒரு வசனத்தை எந்த வேகத்தில் சொல்லியிருக்க முடியும் என்பதை வாசகர் தாமே உணர்வார். சான்று இல்லாத இடத்தில் உரையாடலைக் கற்பனை செய்யக் கூடாது. நாவலாசிரியருக்கு உள்ள அந்த உரிமை வாழ்க்கை வரலாறு எழுதுபவருக்கு இல்லை.

கையெழுத்துப் படி முடிந்ததும் இருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்: ஒருவர் அவரோடு மேடையேறியவர் அல்லது அந்த உலகை அறிந்தவர், மற்றவர் அவர் பெயரையே கேள்விப்படாத இளைஞர். முதலாமவர் உண்மைப் பிழைகளைச் சொல்வார். இரண்டாமவர், நீங்கள் விளக்காமல் விட்ட கலைச்சொற்களையும் அறிமுகம் செய்யாத ஆட்களையும் சுட்டிக்காட்டுவார். நூலின் பின்னிணைப்பில் ஏற்ற வேடங்கள், நடித்த படங்கள், எழுதியவை ஆகிய மூன்றையும் ஒரே காலவரிசைப் பட்டியலாகக் கொடுங்கள். தனித்தனிப் பட்டியல்களில் மறைந்துபோகும் உறவுகள் அங்கே தெரியவரும். பெயர் அகராதியைத் தவிர்க்க வேண்டாம், ஏனெனில் துணை நடிகர் ஒருவரைத் தேடி வரும் அடுத்த ஆய்வாளருக்கு அதுவே வழிகாட்டி. நூல் அச்சானதும், நீங்கள் சேகரித்த நோட்டீஸ் நகல்களையும் நேர்காணல் ஒலிப்பதிவுகளையும், பேசியவர்களின் சம்மதத்தோடு, யார், எங்கே, எப்போது என்ற குறிப்புகளை ஒட்டி ஓர் ஆராய்ச்சி நூலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.